"இந்த முறை உங்களுக்குக் குட்டி கிடையாது"

முதல் நாய்க்குட்டி எங்கள் வீட்டில் இருந்தது மொத்தம் 9 நாள். அதில் 5 நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததிலேயே போய்விட்டது.

போனில் படத்தைப் பார்த்துத்தான் மனசு போனது. வெளிர் மஞ்சள் லாப்ரடார். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி ஒரு கூடைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். விற்றவரிடம் அன்றைக்கு நான் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது: ஆணா பெண்ணா, என்ன விலை, எப்போது கிடைக்கும். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அட்வான்ஸ் இப்பவே போட்டுடறீங்களா சார்? இன்னும் ரெண்டு பேர் இதையே கேட்டுக்கிட்டிருக்காங்க."

தாய் நாயைப் பார்க்கலாமா என்று பேச்சுக்கு ஒருமுறை கேட்டேன். "அது பண்ணையில இருக்கு சார், ரொம்ப தூரம். நீங்க ஏன் அலையறீங்க, நானே கொண்டாந்து தர்றேன்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று மனைவியிடம் சொன்னேன்.

சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, அட்டைப் பெட்டிக்குள் இருந்து குட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். பவுடர் வாசனை தூக்கலாக வந்தது. வயிறு பந்து மாதிரி உப்பியிருந்தது. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை என் மகள் மடியில் அசையாமல் தூங்கியது. "எவ்வளவு சாது பாருப்பா" என்றாள். வயிற்றில் இருந்தது புழு. தூக்கம் என்று நாங்கள் நினைத்தது சோர்வு. இரண்டும் மூன்றாவது நாள்தான் தெரிந்தது.

மூன்றாவது நாள் சும்மா ஒரு பரிசோதனைக்கு என்று கொண்டுபோனோம். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். "எத்தனை நாள் குட்டின்னு சொன்னாங்க?" "2 மாசம்." அவர் விரலால் ஈறைத் தடவிக் காட்டினார். பால்பற்களே இன்னும் முழுதாக முளைத்திருக்கவில்லை. பின்பக்கம் ஈறு வெறுமையாக இருந்தது. "5 வாரம் இருந்தா அதிகம்" என்றார். அப்புறம் தடுப்பூசி அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு, எந்தக் குரல் மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "ஊசி போட்டதா எழுதியிருக்கிற நாள்ல இது கண்ணு திறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது." நாய்க்குட்டி கண் திறக்கவே 10 முதல் 14 நாள் ஆகும். அட்டையில் ஊசி மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் இல்லை, டாக்டர் கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. பால்பாயிண்ட் பேனாவில் ஒரு தேதி, ஒரு டிக். அவ்வளவுதான்.

மறுநாள் இரவு வாந்தி. விடிவதற்குள் ரத்தப் பேதி. பார்வோ வைரஸ். 1978-ல் உலகம் முழுக்கப் பரவிய அதே நோய்; இன்றும் தடுப்பூசி போடாத குட்டிகளை வாரிக்கொண்டு போகிறது. உடம்பில் புகுந்து அறிகுறி தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும் என்பதால், குட்டி எங்கள் கைக்கு வரும்போதே அதைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். விற்றவருக்குப் போன் செய்தேன். "நான் கொடுக்கும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு? நீங்க என்ன கொடுத்தீங்க?" அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கப்படவில்லை.

அந்தக் குட்டிக்கு மகள் வைத்த பெயரை நாங்கள் யாரும் இப்போது சொல்வதில்லை.

அடுத்த குட்டிக்கு நாங்கள் பொறுமையாகக் காத்திருந்தோம் என்று சொன்னால் பொய். காத்திருக்க வைத்தது வைரஸ்தான். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும். சோப்புக்கும் டெட்டாலுக்கும் அது சாவதில்லை; தண்ணீர் கலந்த பிளீச்சிங் திரவம் வேலை செய்யும். அதையும் தோட்டத்து மண்ணில் ஊற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. "ஊசி எல்லாம் முடியாத குட்டியை ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வருடத்தில்தான் நான் கொஞ்சம் படித்தேன், பல பேரிடம் பேசினேன், சில இடங்களை நேரில் போய்ப் பார்த்தேன்.

அதில் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நான் ஏமாந்திருப்பேன். சுத்தமான முன் அறை. கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். சுவரில் சான்றிதழ்கள். ஐந்து இன நாய்கள் இருப்பதாகச் சொன்னார். "எப்ப வந்தாலும் குட்டி ரெடியா இருக்கும் சார்." அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கணக்கு ஓடியது. ஒரு பெட்டை நாய் பருவத்துக்கு வருவது ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை. சினைக்காலம் 63 நாள். பிறந்த குட்டியை 8 வாரமாவது தாயிடம் வைத்திருக்க வேண்டும். இப்படியிருக்க எந்த நாள் போனாலும் எந்த இனத்திலும் குட்டி இருக்கிறது என்றால், உள்ளே எத்தனை பெட்டைகள் இருக்க வேண்டும், அவற்றுக்கு ஒரு பருவமாவது ஓய்வு கிடைக்குமா?

குட்டிகளை ஒவ்வொன்றாக ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து காட்டினார். உள்ளே வரலாமா என்றால், "இன்ஃபெக்‌ஷன் ஆயிடும் சார்." இந்தப் பதிலை மட்டும் வைத்து யாரையும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. உண்மையிலேயே அக்கறை உள்ளவர்களும் செருப்பை வெளியே விடச் சொல்வார்கள், கை கழுவச் சொல்வார்கள், ஊசி போடாத குட்டியைத் தூக்க விடமாட்டார்கள். ஆனால் தாயைக் காட்டுவார்கள். வாசலில் நின்றாவது பார்க்கச் சொல்வார்கள். நான் விடாமல் கேட்டதால் இவர் கடைசியில் தாயைக் கொண்டுவந்தார். "கடிக்கும், பக்கத்துல போகாதீங்க" என்ற எச்சரிக்கையோடு. அது கடிக்கவில்லை. அவர் கையை உயர்த்தியதும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. முழங்கை இரண்டிலும் முடி போய், சிமென்ட் தரை உரசி உரசித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. மடி தொங்கிப்போயிருந்தது. அலமாரியிலிருந்த கோப்பைகளில் ஒன்றுகூட அந்த நாயுடையது இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அங்கே மூலையில் ஒடுங்கியிருந்த ஒரு குட்டியைப் பார்த்து என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதையாவது காப்பாத்திடலாமே." கிட்டத்தட்ட பர்ஸை எடுத்துவிட்டேன். ஏன் எடுக்கவில்லை என்றால், முதல் குட்டியின் நினைவு. இதை ஒரு வருடம் கழித்து இன்னொருவரிடம் சொன்னபோது அவர் சொன்னார்: "அந்தக் குட்டியை நீங்க காப்பாத்தியிருப்பீங்க தம்பி. காலியான கூண்டுல அடுத்த ஈத்து வந்திருக்கும்." நோயோடு கிடக்கிற குட்டிமேல் மனசு இளகினால், தெருவிலோ காப்பகத்திலோ இருப்பதைக் கூட்டி வாருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் நண்பர் வீட்டில் அப்படி வந்ததுதான் நான் பார்த்ததிலேயே புத்திசாலி நாய்.

அந்த "இன்னொருவர்" ஓய்வுபெற்ற ஒரு அம்மா, வீட்டிலேயே நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்கும் பிரீடர். எங்கள் டாக்டர்தான் எண் கொடுத்தார். அவர் எங்கும் விளம்பரம் கொடுப்பதில்லை. வீட்டில் மூன்று லாப்ரடார்கள், அதில் ஒன்றுக்கு வயதாகி, குட்டி போடுவதெல்லாம் முடிந்து, சோபாவுக்கு அடியில் ஓய்வில் இருந்தது. (வயதான நாய் வீட்டிலேயே இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குட்டி போடுவது நின்றதும் அந்த நாய் எங்கே போகிறது என்று பல இடங்களில் பதிலே வராது.)

முதல் போன் 40 நிமிடம். நான் கேட்டது பாதி, அவர் கேட்டது பாதி என்று சொல்ல முடியாது. முக்கால்வாசி அவர்தான் கேட்டார். முன்பு நாய் வளர்த்ததுண்டா? அது எப்படி இறந்தது? யார் டாக்டர்? மாடி வீடா? குழந்தைக்கு என்ன வயது? நாய் வேண்டும் என்றது யார், அதைக் கழுவிவிடப் போவது யார்? கடைசியில், "பகல்ல வீட்ல யாரு இருப்பா?" நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், மகள் பள்ளிக்கூடம் போவாள் என்றேன்.

"2 மாசக் குட்டி 8 மணி நேரம் தனியாவா? அதால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல மூத்திரத்தை அடக்க முடியாதே. இல்ல தம்பி. இந்த முறை உங்களுக்குக் குட்டி கிடையாது."

கோபம் வந்தது. காசு கொடுத்து வாங்க வருகிறவனை இப்படியா பேசுவது? அன்று இரவு முழுக்கப் பொருமினேன். விற்க வேண்டிய அவசரம் இல்லாதவரால்தான் இப்படி மறுக்க முடியும் என்று பிடிபட இரண்டு நாள் ஆனது. முதல் குட்டியை விற்றவர் என்னிடம் ஒரு விஷயத்துக்குக்கூட "இல்லை" சொல்லவில்லை. 5 வாரக் குட்டியா, எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே வேண்டுமா, ஆகட்டும்.

அரை வருடம் கழித்து என் அம்மா எங்களோடு வந்து தங்கினார். அந்த பிரீடர் அம்மாவை மறுபடி அழைத்தேன். அவருக்கு நினைவிருந்தது. "வாங்க. குட்டி இல்ல இப்ப, சினைகூட இல்ல. முதல்ல தாயைப் பாருங்க."

போனோம். கதவைத் திறந்ததும் அந்தப் பெட்டை வந்து எங்கள் மூவரையும் வரிசையாக மோந்து பார்த்துவிட்டு, மகள் காலடியில் தொப்பென்று படுத்தது. அந்த பிரீடர் அம்மா ஒரு ஃபைலை எடுத்து வந்தார். நான் வம்சாவளிச் சான்றிதழைத்தான் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டார். "இது இதோட தாத்தா பாட்டி பேரைச் சொல்லும். அவங்க இடுப்பு எப்படி இருந்துச்சுன்னு சொல்லாது." அந்தச் சான்றிதழ் இருந்தால் நல்ல பிரீடர் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தவன்தான்.

அவர் காட்டியது எக்ஸ்ரே. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் பரம்பரையாகக் கெடக்கூடியவை. படத்தின் மூலையில் இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். நாய்க்கு அப்போது 26 மாதம். அமெரிக்காவில் ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு 24 மாதம் ஆகாத நாயின் இடுப்புக்கு இறுதித் தரம் கொடுப்பதே இல்லை. பிரிட்டனில் இரண்டு இடுப்புக்கும் சேர்த்து 0 முதல் 106 வரை மதிப்பெண் போடுகிறார்கள், குறைவாக இருந்தால் நல்லது. எந்த முறையாக இருந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இணை சேர்ப்பதற்கு முன்னால் எடுத்ததா? "டாக்டர்கிட்ட காட்டினோம், நல்லா இருக்குன்னார்" என்பது பரிசோதனை ஆகாது. எந்த இனம் வாங்கப் போகிறோமோ அதன் குலநோய் என்ன என்று முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். டால்மேஷியன் என்றால் காது, டோபர்மேன் என்றால் இதயம், மூக்கு சப்பையான இனங்கள் என்றால் மூச்சு. அதைக் கேட்டதும் விற்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அடுத்த தாளைக் கொடுத்தபோது அவரே சொன்னார்: "இதுல ஒரு குறை இருக்கு." மரபணுப் பரிசோதனை. படிப்படியாகப் பார்வை போகும் ஒரு விழித்திரை நோய்க்கு இந்தப் பெட்டை "கேரியர்". அதாவது பழுதான மரபணு ஒன்றைச் சுமக்கிறது, ஆனால் அதற்கு நோய் வராது. இதே பழுது இல்லாத கடுவனோடு சேர்த்தால் குட்டிகள் எதற்கும் அந்த நோய் வராது. சில குட்டிகள் தாயைப் போலச் சுமக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஆண் நாயை வெகு தூரத்தில் தேடிப் பிடித்தார், அதன் அறிக்கையும் ஃபைலில் இருந்தது. அப்பா நாய் அதே வீட்டில் இல்லையே என்று நிறையப் பேர் சந்தேகப்படுகிறார்கள். யோசித்துப் பார்த்தால், எப்போதும் வீட்டில் இருக்கிற ஆணோடே சேர்ப்பவரிடம்தான் "ஏன் இது?" என்று கேட்க வேண்டும்.

அபூர்வ நிறம் பற்றியும் கேட்டுவைத்தேன், மகளுக்கு நீலக் கண் நாய் ஆசை. சிரித்தார். "நிறத்தை முதல்ல சொல்லி விக்கிறவங்ககிட்ட போகாதீங்க." திட்டுத்திட்டாக இருக்கும் மெர்ல் நிறத்தில் இரண்டு நாய்களைச் சேர்த்தால், நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாகப் போகும், அப்படிப் பிறப்பவற்றில் செவிடும் குருடும் நிறைய.

குட்டிகள் பிறந்து 5 வாரத்தில் மறுபடி கூப்பிட்டார். ஏழு குட்டி. வீட்டின் நடுக்கூடத்திலேயே தடுப்புக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறக் கம்பளி நூல். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல. சிவப்பு 430, நீலம் 410, பச்சை 385 என்று பிறந்த அன்றைய எடை கிராமில். அதற்குக் கீழே தினமும் ஒரு வரி. பத்து நாளுக்குள் எடை இரட்டிப்பாக வேண்டுமாம். பச்சைக்கு மூன்றாம் நாள் எடை ஏறவில்லை. அந்த வரிக்கு எதிரே "இரவு 11, 2, 5 - பால்" என்று எழுதியிருந்தது. குடற்புழு மருந்து கொடுத்த நாட்கள், 2-ம் வாரம், 4-ம் வாரம், சிவப்பு மையில். புழு தாய் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்துமே குட்டிக்கு வந்துவிடும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு பாத்திர மூடியை எடுத்துத் தரையில் போட்டார். ணங்கென்று சத்தம். ஏழும் சிதறின. இரண்டு விநாடி. முதலில் சிவப்பு திரும்பி ஓடிவந்து மூடியைக் கடித்தது. நீலம் நின்று பார்த்து, சுற்றி வந்து, மோந்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. "பயப்படறது தப்பில்ல. பயந்துட்டுத் திரும்பி வருதா, அதான் பார்க்கணும்." 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம்வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும்தான் அதன் சுபாவத்துக்கு அஸ்திவாரம். அதில் முதல் பாதி முழுக்க பிரீடர் கையில் இருக்கிறது. கூண்டுக்குள் கழிந்துவிட்டால் நாம் பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு பயம் மிச்சமிருக்கும்.

மகளுக்கு, தன்னிடம் ஓடிவந்த சிவப்புதான் வேண்டும். "அது உங்க வீட்டுக்கு வேண்டாம் பாப்பா. அதுக்கு நாள் முழுக்க வேலை கொடுக்கிற ஆள் வேணும். உங்க பாட்டியை இழுத்துத் தள்ளிடும்." நீலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். 6 வாரத்திலேயே கொடுத்தால் எனக்கு லீவு ஒத்துவரும் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் இல்லைதான். கடியின் வலி எவ்வளவு என்பதைக் கூடப்பிறந்தவைதான் சொல்லிக்கொடுக்கும், 8 வாரத்துக்கு முன் வாசலைத் தாண்டாது என்றார்.

கூட்டிவந்த அன்று தடுப்பூசி அட்டையில் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து மூன்றும் இருந்தன. "எல்லா ஊசியும் முடிஞ்சுது" என்று அவர் சொல்லவில்லை. "முதல் ஊசிதான் ஆயிருக்கு" என்றார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது, அது என்றைக்குக் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 2 மாதக் குட்டிக்கு ஊசியெல்லாம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். மூன்று நாளுக்குள் எங்கள் டாக்டரிடம் காட்ட வேண்டும், குறை இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார். பரிசோதனை செய்யாமல் இணை சேர்க்கக் கூடாது. எந்த வயதிலானாலும் வளர்க்க முடியாமல் போனால், வேறு யாருக்கும் கொடுக்காமல் அவரிடமே கொண்டுவர வேண்டும். கூடவே தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு. முதல் இரண்டு இரவும் அந்தத் துணியில் மூக்கைப் புதைத்துத்தான் தூங்கியது.

இப்போது அதற்கு இரண்டரை வயது. போன மாதம் அந்த அம்மாவிடமிருந்து போன். மஞ்சள் நூல் குட்டிக்கு முன்னங்கால் நொண்டுகிறதாம், எக்ஸ்ரேயில் முழங்கை மூட்டு சரியில்லையாம். ஏழு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்களோடதையும் ஒரு படம் எடுத்துப் பாருங்க தம்பி. தாயை இனிமே சேர்க்கப் போறதில்ல. காத்திருந்த நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டேன்."

எடுத்தோம். எங்களுடையதற்கு முழங்கை, இடுப்பு இரண்டும் நன்றாகவே இருந்தன. அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது, சந்தோஷப்படுவார் என்று எடுத்தேன்.

"அதெல்லாம் சரி, எடை 36-ன்னு போட்டிருக்கே. என்ன போட்டு வளர்க்கறீங்க? 3 கிலோ குறைச்சுட்டு எனக்குப் படம் அனுப்புங்க."